எழுப்பியது யார்?

சென்ற மாதம் ஒரு நாள், மீஞ்சூரில் குடியிருக்கும் சிநேகிதர் ஒருவரைப் பார்த்து வரலாமென்று கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினேன். எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் என்று சிறு சிறு நிலையங்களில் நின்று நின்று வண்டி மீஞ்சூர் போய்ச் சேர்ந்தது. ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருப்பதால் 'வட காஞ்சி' என்று பெயர் பெற்ற ஊர் அது. முன்பு நெல் வயல்களைப் பார்த்துக் கொண்டிருந்த ஊர், இப்போது அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. அப்பால் கடற்கரையில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். இவற்றில் எதுவும் சூரியன் மறைந்தவுடன் கதவைச் சாத்திக் கொண்டு தூங்கப் போவதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. வாசலில் என்னைக் கண்டதும் சிநேகிதரின் மனைவி உதட்டில் விரலை வைத்து, "மெதுவாகப் பேசுங்கள், அண்ணா! அவருக்கு ராத்திரி ஷிப்டு. எட்டு மணிக்குத்தான் படுத்தார்" என்றாள்.

திண்ணையில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த சிநேகிதரின் தாயார் மட்டும் குரலைத் தாழ்த்தவில்லை. "பட்டப்பகலில் ஆண்பிள்ளை கதவைச் சாத்திக் கொண்டு தூங்கினால் வீட்டில் லக்ஷ்மி எப்படித் தங்குவாள்? அவன் தகப்பனார் ஒரு நாள் பகலில் கண்ணை மூடினது கிடையாது" என்றார். மருமகள் பதில் சொல்லவில்லை. இந்தச் சம்பாஷணை அந்த வீட்டுக்குப் புதிதல்ல என்று தெரிந்தது.

பன்னிரண்டரை மணிக்குச் சிநேகிதர் கண்களைக் கசக்கிக் கொண்டு வெளியே வந்தார்.

"நாங்கள் பேசியது எழுப்பிவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை, யாரும் எழுப்பவில்லை. தானாக விழிப்பு வந்துவிட்டது. இனிமேல் புரண்டாலும் தூக்கம் வராது. ராத்திரி முழுதும் விழித்தவனுக்கு நாலரை மணி நேரத் தூக்கம் போதுமா, நீங்களே சொல்லுங்கள்!" என்றார் அவர்.

அறை ஜன்னலில் போர்வை தொங்கிற்று. மின்விசிறி ஓடிற்று. குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அப்படியானால் அவரை எழுப்பியது யார்? ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்த விவரம் ஸ்வாரஸ்யமாயிருந்ததோடு, சிநேகிதர் வீட்டு வழக்குக்கும் பயன்படக் கூடியதாக இருந்தது.

புளியமரம் சொன்ன செய்தி

மாலை மயங்கியதும் புளியமரத்தின் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிக் கொள்வதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பு அலெக்ஸாந்தருடைய கப்பல் தலைவர்களில் ஒருவரான ஆந்த்ரோஸ்தெனிஸ் என்பவர், பாரசீக வளைகுடாவிலுள்ள ஒரு தீவில் இதைக் கண்டு அதிசயித்து எழுதி வைத்தாராம். அவர் பார்த்தது புளியமரமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நமக்குக் கொல்லைப்புறத்து விஷயம். ஆகவே அதிசயப்படத் தோன்றவில்லை.

1729-ல் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி, தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். வெயிலே படாத இடத்திலும் அது பகல் வேளையில் இலைகளை விரித்து, இரவு வேளையில் மூடிக் கொண்டது. சூரியனைப் பார்க்காமலே அதற்கு நேரம் தெரிந்திருந்தது! செடிக்கு உள்ளேயே ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது என்ற எண்ணத்துக்கு அன்று வித்து ஊன்றப்பட்டது.

இந்தக் கணக்கை ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவருக்கு முக்கியமான இடம் உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவார்கள்? மா. கி. சந்திரசேகரன் என்பது அவர் பெயர். அவருடைய வேலை சென்னைக் கடற்கரை மணலில் தொடங்கிற்று. அலை வாங்கும்போது ஈர மணலுக்குள் குடுகுடுவென்று புதைந்து கொள்ளும் கட்டைவிரல் நுனி போன்ற ஒரு நண்டினத்தைக் குழந்தைகள் தோண்டி எடுத்து விளையாடுவார்கள். 'எமெரிடா ஏஷியாடிகா' என்று சாஸ்திரப் பெயர் கொண்ட அந்தப் பிராணியை ஆராய்ச்சிச்சாலைக்குக் கொண்டு வந்து, ஏற்றமும் வற்றமும் இல்லாத நீரில் வைத்துப் பார்த்தார் அவர். கடலை விட்டு வந்த பின்பும் அது கடலை மறக்கவில்லை. கரையில் நீர் ஏறி இறங்கும் ஒழுங்கும், இரவு பகல் ஒழுங்கும் அதன் அசைவிலும் மூச்சிலும் தொடர்ந்து தெரிந்தன. இந்த ஆராய்ச்சி 1965-ல் ஜெர்மன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது.

பிறகு அவர் மதுரைப் பல்கலைக் கழகத்துக்கு வந்து தம் மாணவர்களுடன் வௌவால்களின் பின்னால் புறப்பட்டார். மதுரைக்கு அருகே உள்ள குகைகளில் இலைமூக்கு வௌவால்கள் வசிக்கின்றன. குகையின் உட்பகுதியில் எந்நேரமும் ஒரே இருட்டு. ஏறக்குறைய ஒரே உஷ்ணம். ஆயினும் வெளியே சூரியன் மறைகிற தருணத்தில் வௌவால்கள் இரை தேடப் புறப்பட்டுவிடுகின்றன. சில வௌவால்களைப் பிடித்துக் குகைக்குள்ளேயே கூண்டில் அடைத்து, அவை எப்போது சிறகடிக்கின்றன என்று கருவிகளைக் கொண்டு பதிவு செய்தார்கள். சுற்றிலும் தம் இனத்தார் போய் வந்து கொண்டிருந்தவரையில், கூண்டுக் கைதிகளும் அதே வேளையில் பரபரத்தன. சுற்றத்தார் இல்லாத இடத்தில் வைத்தபோதோ அவற்றின் நாள், வெளி உலகத்து நாளை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயிற்று. பரபரப்பு நிற்கவில்லை, வேளை மட்டும் நழுவிற்று. மாரிமுத்து, சுப்பராஜ், சந்திரசேகரன் ஆகிய மூவரும் 1978-ல் இதை வெளியிட்டார்கள். இதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. கடிகாரம் உள்ளே இருக்கிறது என்பது ஒன்று. அதற்குச் சாவி கொடுத்து நேரம் திருத்துவது வெளி உலகம் என்பது மற்றொன்று. சூரியன் இல்லாத இடத்தில் சுற்றத்தார்கூட அந்த வேலையைச் செய்யலாம்!

மேல்நாட்டார் மனிதரையே இப்படித் தனியே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1962-ல் மிஷல் ஸிஃப்ர் என்னும் பிரெஞ்சு வாலிபர் பூமிக்கடியில் ஒரு பனிக்குகையில் கடிகாரமில்லாமல் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14-ம் தேதி வெளியே வந்தபோது, அன்று ஆகஸ்டு 20 என்று நினைத்துக் கொண்டிருந்தாராம். மதுரையிலும் சந்திரசேகரன் குழுவினர் மனிதரைத் தனிமையில் வைக்கும் அறை ஒன்றை ஏற்படுத்தினர். வெயிலும் நேரமும் தெரியாத அந்த அறையில் ஒரு பெண்மணி தாமே முன்வந்து தங்கினார். தூங்கி விழிக்கும் ஒழுங்கும் பெண்களுக்குரிய மாதாந்தர ஒழுங்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை அல்ல என்று 1991-ல் அந்தக் குழுவினர் எழுதினார்கள். உடம்புக்குள் ஓடும் கணக்கு ஒன்றல்ல, பல என்பதற்கு இது ஒரு சாட்சி.

மனிதருடைய உள்நாளின் அளவு என்ன? அமெரிக்காவில் 1999-ல் செய்த கவனமான அளவீட்டின்படி சராசரி 24 மணி 11 நிமிஷம். பெரும்பாலோருக்கு உள்நாள் சற்று நீளம். ஆகையால்தான் ஒரு மணி நேரம் தாமதித்துத் தூங்குவது எளிதாகவும், ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்குவது கஷ்டமாகவும் இருக்கிறது. விடுமுறையில் குழந்தைகள் தூங்கும் வேளை எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

எள்ளினும் சிறிய எஜமானர்

இந்தக் கடிகாரம் உடம்பில் எங்கே இருக்கிறது? கண்களிலிருந்து வரும் நரம்புகள் இரண்டும் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்தச் சந்திக்கு நேர் மேலே, ஹைபோதலாமஸ் என்ற பகுதியில், இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக இரண்டு சிறு நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 20,000 அணுக்கள். ஒவ்வொன்றும் எள்ளை விடச் சிறியது. அதன் பெயரோ வாயில் நுழையாதது: 'ஸுப்ராகயாஸ்மாடிக் நியூக்ளியஸ்'. நாம் எள்ளு என்றே வைத்துக் கொள்வோம்.

1972-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர், ஒருவர் செய்வதை மற்றவர் சார்ந்திராமல், எலிகளின் மூளையில் இந்த எள்ளை அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகளும் தூங்கின, ஓடின, குடித்தன. ஆனால் வேளை கெட்டு, இரவென்றும் பகலென்றும் இல்லாமல் துண்டு துண்டாகச் செய்தன. 1990-ல் இன்னும் விசித்திரமான ஒரு பிரயோகம் நடந்தது. ஹாம்ஸ்டர் என்னும் எலி இனத்தில், பிறவியிலேயே 20 மணி நேர நாளை உடையவை சில உண்டு. சாதாரண ஹாம்ஸ்டரின் எள்ளை எடுத்துவிட்டு, இருபது மணிப் பிராணியின் எள்ளை அங்கே பதியம் வைத்தார்கள். அதன் பிறகு அதுவும் இருபது மணிக் கணக்கில் நடக்கத் தொடங்கிவிட்டது! பழைய வீட்டில் அயலூர்ப் பஞ்சாங்கம் மாட்டினாற்போல.

எள்ளுக்குள்ளே சக்கரமும் இல்லை, வில்லும் இல்லை. ஒவ்வோர் அணுவும் ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அது சேர்ந்து சேர்ந்து ஓர் அளவை எட்டியதும், தன்னைத் தயாரிக்கும் வேலையைத் தானே நிறுத்தி வைக்கிறது. பின் அது மெல்ல மெல்லக் கரைந்து போகிறது. கரைந்ததும் தயாரிப்பு மறுபடி ஆரம்பிக்கிறது. இந்தச் சுற்று முடிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதன் மர்மத்தை விடுவித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்கருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எள்ளுக்கு நேரம் திருத்துகிறவர் முக்கியமாகச் சூரியபகவானே. கண்ணின் விழித்திரையில் உருவத்தைப் பார்ப்பதற்கென்று அல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா என்று அறிவதற்கென்றே சில அணுக்கள் உண்டு. 2002-ல் இவற்றின் தன்மை தெளிவாயிற்று. நீல ஒளிக்கு இவை அதிகமாக அசைந்து கொடுக்கும். பொழுது சாய்ந்து வெளிச்சம் குன்றினால் எள்ளு பீனியல் சுரப்பிக்கு உத்தரவு அனுப்ப, அது மெலடோனின் என்ற சத்தை ரத்தத்தில் விடுகிறது. "இரவு வந்துவிட்டது" என்று உடம்பு முழுவதும் தண்டோராப் போடுகிறது. இரவில் பிரகாசமான விளக்கைப் பார்த்தால் தண்டோரா நின்றுவிடும். படுக்கையில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக் கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

காபி என்ற கடன்காரன்

எள்ளு மட்டுமே தூக்கத்தைத் தருவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோஸின் என்ற பொருள் சேர்ந்து கொண்டே வருகிறது. அது சேரச் சேரக் கண் இமை கனக்கும், தூங்கினால் குறையும். வட்டி ஏறும் கடன் போல் இது. காபியிலுள்ள காபீன், அடினோஸின் உட்கார வேண்டிய ஆசனத்தில் தான் போய் உட்கார்ந்து கொள்கிறது. கடன் தீருவதில்லை, கடன்காரன் குரல் மட்டும் நம் காதில் விழாமல் போகிறது. குடித்த காபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

தூங்கும் கட்சிக்கும் விழிக்கும் கட்சிக்கும் மூளையில் தனித்தனிக் கேந்திரங்கள் உண்டு என்பதை முதலில் ஊகித்தவர் வியன்னா நகர வைத்தியர் ஃபான் எகானமோ. முதல் உலக யுத்த காலத்தில் பரவிய ஒரு மூளைக் காய்ச்சலில் நோயாளிகள் பலர் நாட்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்கோ தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளையை அவர் பரிசோதித்தார். ஹைபோதலாமஸின் பின்பகுதி கெட்டவர்கள் தூங்கியவர்கள், முன்பகுதி கெட்டவர்கள் விழித்தவர்கள் என்று கண்டார். இந்த இரு கேந்திரங்களும் ஒன்றையொன்று அழுத்தி வைக்கின்றன என்று பிற்காலத்தில் தெரிய வந்தது. கிணற்று ஏற்றத்தைப் போல ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே போகும். நடுவில் நிற்பது அபூர்வம்.

இப்போது மீஞ்சூர் அறைக்குள் எட்டிப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு என் சிநேகிதர் படுத்தபோது அவர் தலைமேல் பெரிய கடன் இருந்தது. ஆகவே உடனே தூங்கிவிட்டார். ஆனால் எள்ளின் கணக்கில் அது காலை வேளை. உடம்பின் உஷ்ணம் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு மிகத் தாழ்ந்திருந்து, பிறகு பகல் முழுவதும் ஏறிக் கொண்டு போகும். நாலரை மணி நேரத்தில் கடனில் ஒரு பங்கு அடைபட்டுச் சுமை இலேசாயிற்று. அதே சமயத்தில் விழிப்பின் குரல் உயர்ந்து கொண்டே வந்தது. ஏற்றம் சாய்ந்தது, கண் திறந்தது. இரவு வேலைக்காரருக்குப் பகல் தூக்கம் இரண்டு, மூன்று மணி நேரம் குறைந்து போவது பல நாடுகளிலும் கண்ட விஷயம். அது அவர்களுடைய மனத்திட்பத்தைப் பொறுத்ததன்று.

இதன் மறுபக்கம் விடியற்காலையில் தெரிகிறது. நாலு மணிக்கு, கடனும் உச்சத்தில் இருக்கிறது; எள்ளும் "தூங்கு" என்கிறது. அப்போது ஒருவர் கொதிகலனின் அளவுமானிகளைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். இன்னொருவர் துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்க வேண்டும். அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு விபத்து 1979-ல் காலை நாலு மணிக்கு நேர்ந்தது. செர்னோபிலில் 1986-ல் இரவு 1 மணி 23 நிமிஷத்துக்கு. நம் போபாலில் 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவை ஒட்டி. தூக்கக் கலக்கமே இவற்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்கள் வேறு பல உண்டு. ஆனால் மனித மூளை மிகவும் சோர்ந்திருக்கும் வேளையில் அதனிடம் பெரிய தவறுகளைத் திருத்தும்படி கேட்பது நியாயமாகப் படவில்லை.

வருஷக் கணக்கில் இரவு வேலை செய்கிறவர்களுக்கு நீரிழிவும் இருதயக் கோளாறும் வரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2007-ல், ஒழுங்கைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆலோசித்தும் அந்த முடிவை மாற்றவில்லை. ஈரல் முதலிய அவயவங்களுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு வேளையைப் பார்த்து நேரம் வைத்துக் கொள்பவை. நடு இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டால் எள்ளு ஒரு மணி சொல்ல, ஈரல் ஒரு மணி சொல்கிறது.

எள்ளு புதிய வேளைக்குப் பழகாதா என்றால், பழகும். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதமே நகரும். இரவு வேலை முடிந்து ரயிலில் வரும்போது முகத்தில் அடிக்கும் காலை வெயில் அந்த நகர்ச்சியையும் கெடுத்துவிடுகிறது. வாராவாரம் ஷிப்டு மாறினால், பழகத் தொடங்கும்போது வேளை மாறிப் போகிறது. சிநேகிதர் வேலை செய்யும் இடத்தில் (அதன் பெயர் இங்கே வேண்டாம்) ஒரு வாரம் ராத்திரி, மறுவாரம் மத்தியானம், அதற்கடுத்து காலை என்று பின்னோக்கிச் சுற்றுகிறது. உள்நாள் 24 மணியை விட நீளம் என்று சொன்னேன் அல்லவா? ஆகவே காலை, மத்தியானம், ராத்திரி என்று முன்னோக்கிச் சுற்றுவதே உடம்புக்கு இசைவு. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துக் கனிமத் தொழிற்சாலை ஒன்றில் இப்படித் திசையை மாற்றி, வாராவாரம் மாற்றுவதற்குப் பதிலாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றிப் பார்த்தார்கள். தொழிலாளருக்குத் திருப்தி, தேக சௌக்கியம், உற்பத்தி மூன்றும் உயர்ந்தன என்று 1982-ல் வெளியிட்டார்கள். இதற்குப் புது யந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை; ஓர் அட்டவணையைத் திருப்பி எழுதினால் போதும். நம் நாட்டு நிர்வாகிகள் ஏன் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுபடியும் மீஞ்சூர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இவ்வளவையும் சுமந்து கொண்டு மறுபடி மீஞ்சூர் போனேன். ஜன்னலுக்குப் போர்வை போதாது, கனமான கறுப்புத் துணி வேண்டும். காலையில் வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணியலாம். இரவு இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். மத்தியானம் விழிப்பு வந்தால் வருந்தாமல், மாலையில் வேலைக்குப் புறப்படுமுன் இன்னொரு குட்டித் தூக்கம் போடலாம் என்றெல்லாம் சொன்னேன். மருமகள் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து, "தபால்காரர், காஸ் சிலிண்டர், சீட்டுப் பணம் எல்லாரும் பத்து மணிக்குத்தானே மணியடிக்கிறார்கள்? முதலில் அந்த மணியைக் கழற்றி வைக்கிறேன்" என்றாள். என் யோசனைகள் எல்லாவற்றிலும் இதுதான் சிறந்ததாகத் தோன்றிற்று.

கிழவியம்மாளிடம் தனியாக வௌவால் கதையையும் எள்ளுக் கதையையும் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். வாசல் புளியமரத்தில் இலைகள் கூம்பத் தொடங்கியிருந்தன.

"அப்படியானால் அவன் சோம்பேறித்தனத்தால் தூங்கவில்லை என்கிறாய்" என்றார் கடைசியில்.

"ஆமாம், அம்மா. தூங்க விடாமல் எழுப்புவதும் நீங்களல்ல, அந்த எள்ளு."

"அவன் அப்பா வயலுக்குப் போனவர். அவருக்கும் அந்த எள்ளுக்கும் சண்டை இல்லை" என்றார். பிறகு, "அதற்கு ஒரு நாள் லீவு கொடுக்க முடியாதாப்பா?" என்று கேட்டார்.

உள்ளே சிநேகிதர் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக் கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பத்து மணி ஷிப்டு. ரயில் நிலையம் வரையில் சேர்ந்து நடந்தோம். என் வண்டி சென்னைப் பக்கம் முதலில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும், எதிர்ப் பெஞ்சியில் பையை மடியில் வைத்துக் கொண்டு ஒரு வாலிபர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக் கொண்டிருந்தார். அவர் எங்கே இறங்க வேண்டியவர் என்று தெரியவில்லை. எண்ணூரில் தாமாகவே எழுந்து இறங்கிப் போனார்.